அந்த அளவுக்கு மேல் போகாது

அம்மா செத்த பிறகு அவரின் பெயரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அப்பாவின் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. காஸ் கணக்கும் அதில் ஒன்று. பிராண்டே என்ற டெனிஷ் ஊரில் எங்களுடையது பழைய செங்கல் வீடு. உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு காஸ் பொயிலர் நிற்கிறது. அது தண்ணீரைச் சூடாக்கி எல்லா அறை ஹீற்றர்களுக்கும் அனுப்பும். அப்பாவுக்குக் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் நித்திரை. வருகிற போன்களை எடுக்க வீட்டில் அம்மாதான் இருப்பார் என்று கணக்கை அவருடைய பெயரில் எடுத்திருந்தார்கள்.

நான் வேலையிடத்து மதிய இடைவேளையில் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். எனக்கு ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹொட்டேல் துவாய்களும் மலை மலையாக வரும். உள்ளே எப்போதும் நீராவி. மார்கழியிலும் அரைக்கைச் சட்டையோடுதான் நிற்போம். இரைச்சல் கேட்காமல் இருக்கப் பின்கதவடியில், வெறும் வண்டில்களுக்கு நடுவில் நின்று கதைத்தேன்.

போனில் வந்தவள் என் வயதுப் பெண். அனுதாபம் சொன்னாள். பெயர் மாற்றுவது சுலபம் என்றாள். பிறகு, உக்ரைனில் போர் தொடங்கிய வருடத்துக் குளிர்காலத்தில் நீங்கள் உறைய வைக்கும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்கள், அதில் இன்னும் கட்ட இருப்பதும் அப்பாவின் பெயருக்கு வரும், பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

“சின்னத் தொகைதான்,” என்றாள். “நீங்கள் மிகக் குறைவாக எரித்திருக்கிறீர்கள். அந்தக் குளிர்காலம் வீட்டில் ஆட்கள் இருக்கவில்லையா?”

“நாலு பேர் இருந்தோம்.”

“அப்படியா,” என்றாள். என்ன சொல்வதென்று தெரியாதபோது டெனிஷ்காரர் சொல்கிற அப்படியா.

அம்மா மீற்றரைப் பார்த்துவிட்டு “இன்னும் கிடக்கு” என்று சொல்வது ஞாபகம் வந்தது. உடனே கேட்டேன். “அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு காஸ் வரைக்கும் தந்தீர்கள்? கூடியது எவ்வளவு?”

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை. நான் திரும்பச் சொன்னேன். பிறகு ஒரு குழந்தைக்குச் சொல்வது போல ஆறுதலாக விளக்கினாள். கூரை இருந்தது விலைக்கு மட்டும். ஒரு கன மீற்றர் காஸின் விலை அந்தக் கூரைக்கு மேலே போனால், மேலே போன துண்டை அப்போது கட்டத் தேவையில்லை. அதை உறைய வைத்துவிட்டு, பிறகு வட்டியோடு சிறிது சிறிதாகக் கட்டலாம். எத்தனை கன மீற்றர் எரிக்கலாம் என்பதற்குக் கூரை எதுவும் இல்லை. கூட எரித்தால் பில் கூடும், குறைய எரித்தால் குறையும், எப்போதும் போல.

“ஒரு அளவும் இல்லையா?”

“இல்லை,” என்றாள். “எவ்வளவும் எரித்திருக்கலாம்.”

இடைவேளை முடிந்து உள்ளே போனேன். விரிப்பை அழுத்தி மினுக்குகிற சூட்டு உருளைக்குள் விடுகிற வேலை எனக்கு. முகத்தில் சூடு அடித்தது. அந்த உருளைகளுக்கு முன்னால் அன்றுதான் முதல் தடவையாக வெட்கப்பட்டு நின்றேன். அம்மா குளிர்ந்துகொண்டு இருந்த எல்லா நாளும் நான் இங்கே வேர்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திட்டத்தில் சேர்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சோபாவில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஐபாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, காஸ்காரர் என்னவோ அனுப்பியிருக்கினம். ஒருக்காப் பார்.”

“பிறகு பாக்கிறன்.”

“பிறகெண்டா எப்ப? காஸ் முடிஞ்ச பிறகோ?”

வாங்கிப் பார்த்தேன். நீளமாக எழுதியிருந்தது. இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான்தான் டெனிஷ் தெரிந்த ஆள் என்று பெயர். ஆனால் எனக்குக் கதைக்கத்தான் வரும். ஊரில் இருந்து வரும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் வகுப்பில் கொஞ்சக் காலம் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பை எப்படியோ முடித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். அரசாங்கமும் கொம்பனியும் எழுதுகிற டெனிஷ் எனக்குப் பாதிதான் விளங்கும். மிச்சத்தை ஊகிப்பேன். இங்கே பிறந்த தங்கச்சிக்கு அப்போதே என்னைவிட நன்றாக வாசிக்க வரும், ஆனால் அவளால் அதைத் தமிழில் சொல்ல முடியாது. வாசிக்கத் தெரிந்தவளுக்குத் தமிழ் இல்லை, தமிழ் இருந்தவளுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். எனக்கு விளங்கவில்லை என்று ஒரு தடவைகூட நான் அவரிடம் சொன்னதில்லை.

“பிரிஸ்லொஃப்ட் எண்டு கிடக்கு,” என்றேன்.

“அதெண்டா?”

“பிரிஸ் எண்டா விலை. லொஃப்ட் எண்டா முகடு.”

“விலைக்கு முகடோ? கிடுகு போட்டு வேயப்போறாங்களோ?”

“கட்டுப்பாட்டு விலை அம்மா. ஊரில இருக்கிறதுதானே.”

அம்மா பகிடியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார். “எத்தனை மட்டும்?”

“ஒரு அளவு இருக்கு. அந்த அளவுக்கு மேல போகாது.”

“போனா?”

அடுத்த வரியில் ஒரு நீளச் சொல் கிடந்தது. அதற்குள் உறைய வைப்பது என்ற சொல் இருப்பது மட்டும் தெரிந்தது. பெட்டியில் மீன் உறைய வைக்கிற அதே சொல். எதை உறைய வைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

“போனா உறைய வைப்பினம்.”

“ஆரை? எங்களையோ?”

இரண்டு பேரும் சிரித்தோம். சேருகிறீர்களா என்று கடைசியில் கேட்டிருந்தது. அதையும் சொன்னேன்.

“சேர், சேர். கட்டுப்பாட்டு விலையெண்டா விடப்படாது,” என்றார் அம்மா.

ஆம் என்பதை அமத்தி ஐபாட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்தமும் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்.

நான் சொன்ன கட்டுப்பாட்டு விலை வேறு. நான் சின்னவளாக இருந்தபோது கடையில் அரிசிக்கும் சீனிக்கும் அரசாங்கம் விலை போடும். அதற்கு மேல் விற்றால் கடைக்காரருக்குத் தண்டம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மாவின் கட்டுப்பாட்டு விலை கூட்டுறவுச் சங்கக்கடையில் இருந்தது. அம்மா குமரியாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வர விடாமல் தடை போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டு விலைக்குக் கிடைக்கும், ஆனால் கார்ட்டுக்கு இவ்வளவு போத்தல் என்று ஒரு பங்கு. பங்கு முடிந்தால் முடிந்ததுதான். வெளியில் வாங்கப் போனால் தொட முடியாத விலை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் படித்த கதையை அவர் எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நானும் கேட்டிருக்கிறேன். அவர் வாழ்ந்த உலகத்தில் கட்டுப்பாட்டு விலை என்றால் கூடவே பங்கு இருக்கும். அளவு இருக்கு, மேல போகாது, போனா உறைய வைப்பினம் என்று நான் சொன்னதை வைத்து அவர் வேறு எதை விளங்கிக்கொள்வது?

அந்த வாரமே அம்மா ஹீற்றர்களை மூடத் தொடங்கினார். தங்கச்சியின் அறையை மட்டும் திறந்து வைத்தார், படிக்கிற பிள்ளை என்று. மற்ற எல்லாக் குமிழையும் கடைசி மட்டும் திருகி மூடினார். பகலில் அப்பாவின் பழைய வேலை ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் இருந்தார். சோறு வடித்த பானையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய் மீற்றரைப் பார்த்துவிட்டு வருவார். “இன்னும் கிடக்கு,” என்பார். என்ன கிடக்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தங்கச்சி அவரை டெனிஷில் பனிக்கரடி என்று கூப்பிட்டாள். அம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. கையை நகம் மாதிரி வைத்துக்கொண்டு அவளைத் துரத்துவார்.

நான் வேலையால் வந்து வேலையிடத்துச் சூட்டோடு இருக்கும்போது வீடு குளிர்வது தெரியாது. கொஞ்ச நேரம் போனால்தான் தெரியும். அப்போது போய் ஹோல் ஹீற்றரைத் திருகுவேன். அம்மா வந்து மூடுவார். நான் திறப்பேன்.

“எல்லாரின்ர பங்கையும் சேர்த்து ஒரு நாளையில முடிச்சுப்போடு,” என்பார்.

பங்கு என்றால், நானும் அப்பாவும் பில்லுக்குப் பாதி பாதி போடுவதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதனால் கோபம்தான் வந்தது. நான் உழைக்கிற காசு, நான் போடுவேன் என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன்.

மார்கழியில் சில்க்போர்க் நகரில் இருந்து அப்பாவின் சிநேகிதர் ஒருவர் மனைவியோடு வந்தார். இரண்டு பேரும் ஜாக்கெற்றைக் கழற்றாமல் இருந்தார்கள்.

“என்னக்கா, உள்ளயும் வெளியயும் ஒரே காலநிலையோ?” என்று கேட்டார் அந்த மாமா.

“அம்மா கசவாரம் மாமா,” என்றேன் நான். “ஹீற்றரைத் தொட்டா அடி விழும். இவ எங்களைக் காஞ்ச மீன் மாதிரி ஊருக்கு அனுப்பப் பாக்கிறா.”

“காஞ்ச மீனுக்கு வெயில் வேணுமெல்லோ,” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

“சிரியுங்கோ, சிரியுங்கோ. முடிஞ்சு நிண்டாத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

கஞ்சர் என்ற அர்த்தத்தில் நான் சொன்ன கசவாரம் என்ற சொல் வீட்டில் நிலைத்துவிட்டது. பிறகு அப்பாவும் அதைப் பகிடியாகச் சொன்னார். தங்கச்சி அர்த்தம் தெரியாமலே சொன்னாள். அம்மா எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை.

திட்டம் அடுத்த வருடம் முடிந்துவிட்டது. விலையும் இறங்கியது. அதுவும் ஐபாட்டுக்கு வந்திருக்கும். நான் திறந்து பார்க்கவில்லை. யாரும் முடிந்தது என்று சொல்லாததால் அம்மாவுக்கு அது முடியவில்லை. அடுத்த குளிர்காலமும் மூடினார், அதற்கு அடுத்ததும் மூடினார்.

அம்மா குளிரால் சாகவில்லை. அது எனக்குத் தெரியும். அவருக்கு வந்தது இரத்தத்தில் வருகிற புற்றுநோய். டொக்டரிடம், வீடு குளிராக இருந்ததால் வந்ததா என்று அப்போதே அப்பா கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். அதை நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அதைச் சரியாகத்தான் சொன்னேன், பிறகு தங்கச்சியிடமும் கேட்டு உறுதிப்படுத்தினேன். ஆனால் நோய் வராமல் சுகமாக இருந்த கடைசிக் குளிர்காலங்களை அம்மா ஒரு வேலை ஜாக்கெற்றுக்குள் இருந்து கழித்தார். அதற்கு எந்த டொக்டரும் பதில் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு யன்னலோரக் கட்டில். பக்கத்திலேயே நீள ஹீற்றர். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

“இஞ்ச நல்ல சூடு பிள்ளை,” என்றார் ஒரு நாள். “இவைக்குப் பங்கில்லைப் போல.”

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். ஓம் அம்மா என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து விட்டேன். அப்போது ஒரு கேள்வி, என்ன பங்கு அம்மா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவருக்கே சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார். என்னைப் பேய்ச்சி என்று ஏசியிருப்பார். அந்த ஏச்சு எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

போன் கதைத்து முடித்து அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சப்பாத்து போட்டபடியே ஹோலுக்கு வந்து ஹீற்றர் குமிழைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக மூடிக் கிடந்தது. இருந்தும் இன்னொரு தரம் இறுக்கினார்.

“குளிருதெல்லோ அப்பா,” என்றேன்.

“அம்மா சொல்லிப்போட்டுப் போனவ. எங்களுக்கெண்டு கிடக்கிறதுக்குள்ள பாத்துக் கொள்ளோணுமாம்.”

அப்பா அம்மாவின் வேறு எந்தச் சொல்லையும் இப்படிக் கேட்டவர் அல்ல. உயிரோடு இருக்கும்போது உப்பைக் குறை என்றாலும் கேட்க மாட்டார். இப்போது பகலில் அந்த ஹீற்றர் மூடின அறையில், இரண்டு போர்வைக்கு மேல் அம்மா போட்டிருந்த அந்த ஜாக்கெற்றையும் போட்டுக்கொண்டு நித்திரை கொள்கிறார். அது அவருக்கு அம்மா விட்டுப்போன வேலை. நான் உண்மையைச் சொன்னால் அந்த வேலையை அவரிடம் இருந்து பறிப்பேன். சொல்லாமல் விட்டால் என் பிழைக்காக அவரும் குளிர்வார், அம்மாவைப் போல.

இன்னொன்றும் இருந்தது. அம்மாவைப் பற்றிக் கதைக்க எனக்கு இருக்கிறது அப்பா மட்டும்தான். தங்கச்சி டெனிஷில் அழுகிறாள், அவளோடு எனக்குத் தமிழில் அழ வராது. சொன்ன பிறகு அப்பா என்னோடு அம்மாவைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டால்? அந்தப் பயத்தில் சில நாள் சும்மா இருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, மூடின அறைக்குள் அவர் இருமுவதைக் கேட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்றேன்.

“அப்பா, காஸுக்குப் பங்கெண்டு ஒண்டும் இல்லை.”

“என்ன?”

“அம்மா சொன்னது. வீட்டுக்கு இவ்வளவுதான், முடிஞ்சா முடிஞ்சுது எண்டது. அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை.”

“கொம்பனிக்காரர் எழுதினதாமெல்லோ.”

“அவை எழுதினது வேற. நான்தான் பிழையாச் சொன்னனான். எனக்கு அது வடிவா விளங்கேல்லை. விளங்காமச் சொன்னனான்.”

அவர் வெட்டுவதை நிறுத்தினார், ஆனால் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “அப்ப என்ன எழுதினவை?”

அந்தப் பெண் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒரு யூனிற்றின் விலையைத்தான் மறித்தார்கள், யூனிற்றை மறிக்கவில்லை. மறித்த மிச்சத்தை உறைய வைத்தது என்றால் பிறகு கட்டுவது என்று அர்த்தம். அதைத்தான் இப்போது ஒவ்வொரு பில்லோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம்.

“அப்ப எவ்வளவும் எரிச்சிருக்கலாம்.”

“ஓம்.”

“எரிச்சிருந்தா இப்ப கூடக் கட்டிக்கொண்டு இருப்பம்.”

“ஓம் அப்பா.”

கத்தியைக் கீழே வைத்தார். “கட்டியிருக்கலாம்,” என்றார்.

ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது. கையைக் கழுவினார். வேலைச்சாமான் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பானர் சாவியை எடுத்துக்கொண்டு தங்கள் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். குமிழை முழுக்கத் திறந்தார். ஹீற்றர் பச்சைத்தண்ணியாகக் குளிர்ந்தே கிடந்தது. இவ்வளவு காலம் மூடியே கிடந்ததில் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற சின்னக் கம்பி இறுகிவிட்டது. அப்பா குமிழைக் கழற்றிவிட்டு, சாவியின் பின்பக்கத்தால் அந்தக் கம்பியை மெல்ல மெல்லத் தட்டினார். நெடுநேரம் தட்டினார். கடைசியில் அது வெளியே துள்ளியது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் இருந்தோம். அம்மாவின் பக்கத்தில். சூடு ஏற ஏற ஹீற்றருக்குள் இருந்த தூசு மணக்கத் தொடங்கியது. அப்பா இருமினார்.

“யன்னலைத் திற பிள்ளை.”

எழுந்து போய்க் கொக்கியில் கை வைத்தேன். ஹீற்றர் எரியும்போது யன்னல் திறந்தால் அம்மா வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் ஓடி வருவார். கை வரவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“சரி, கிடக்கட்டும்,” என்றார். பிறகு கேட்டார், “அவவை முதல் முதல் கசவாரம் எண்டது ஆர்? நீயோ நானோ?”

“நான்.”

“நானும் சொன்னனான்,” என்றார்.

பேச்சுச் சத்தம் கேட்டுத் தங்கச்சி வந்து எட்டிப் பார்த்தாள். ஏன் இங்கே இவ்வளவு சூடு என்று டெனிஷில் கேட்டாள். அப்பா கட்டிலில் கொஞ்சம் தள்ளி இருந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் வந்து, அம்மாவின் ஜாக்கெற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.